பேசாத பெட்டி

ஒரு பொருள் வாங்கப் போனால் நான் அவசரப்படுவதில்லை. கத்தரிக்காயைக்கூடக் காம்பைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கூடையில் போடுவேன். அதனால், ஏட்டம்மா, அந்த மெஷினை நான் விவரம் தெரியாமல் வாங்கிவிட்டதாக வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளாதீர்கள். விவரம் தெரிந்துதான் வாங்கினேன்.

என் பெயர் அனுசுயா. வயது எழுபத்திரண்டு. அனுமந்தன்பட்டியில் தனியாக இருக்கிறேன். என் வீட்டுச் சுவரை ஒட்டி மாயக்காள் வீடு. கண் அழுத்த நோயில் நான்கு வருடத்துக்கு முன் அவளுக்குப் பார்வை முழுவதும் போய்விட்டது. அவள் மகன் வேல்பாண்டி, கூடலூரிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறான். மருமகள் மாரீஸ்வரிக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

மாயக்காள் போனில் கதை கேட்பாள். போனைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க அலைய முடியவில்லை. வீட்டில் மூன்று பழைய ரேடியோக்கள் இருந்தன: அறையில் ஒன்று, அடுப்படியில் ஒன்று, மாட்டுக் கொட்டத்தில் ஒன்று. போனில் ஓடும் கதையை மூன்றிலும் கேட்க வைக்கும் சின்ன எஃப்எம் மெஷின் தேனியில் கிடைக்கிறதாம். நாலு வீடு தூரம்தான் எட்டும்.

"பெரியம்மா, நீங்கதான் பொருளைப் பாத்து வாங்குவீக. அம்மா கையால தடவியே போடுற மாதிரி இருக்கணும்" என்றான் வேல்பாண்டி.

கடைக்காரர் ஆசாத் மூன்று மெஷின்களை எடுத்து வைத்தார். நான் முந்தானையால் கண்ணைக் கட்டிக்கொண்டேன்.

"என்னம்மா, கண்ணாமூச்சியா?"

"கண்ணு தெரியாதவுகளுக்கு வாங்குறேன். கண்ணைத் தொறந்து வச்சுக்கிட்டு எப்படிப் பாக்குறது?"

"அதுவும் சரித்தான். ஆனா நீங்க இப்பத் தடவுறது என் கால்குலேட்டரு."

முதல் மெஷின் தோசைக்கல் போல மழமழவென்று இருந்தது. தொட்டால் வேலை செய்யுமாம். எங்கே தொடுவது என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும். தள்ளி வைத்தேன். இரண்டாவதில் பொத்தான்கள் ஒவ்வொன்றும் ஒரு வடிவத்தில் மேடாக இருந்தன. போட்டால் "பவர் ஆன்", அணைத்தால் "பவர் ஆஃப்" என்று ஒரு பெண் குரல் ரேடியோவிலேயே சொல்லும். மூன்றாவதிலும் அதே பொத்தான்கள்தான். ஆனால் அது பேசாது. ஓடினால் ஒரு பச்சை லைட் எரியும்.

"இந்த மூணாவதுல ஒரு சிக்கல் இருக்கும்மா" என்றார் ஆசாத். "போன்ல கதை நின்னா இது தானா மைக்குக்கு மாறிரும். பக்கத்துல பேசுறது பூராம் ரேடியோவுல போகும். பொத்தானை ரொம்ப நேரம் அமுக்குனாத்தான் அணையும். அணைஞ்சிருச்சான்னு லைட்டைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும். அவுகளுக்கு ரெண்டாவதுதான் தோது. அதுல மைக்கே கெடையாது."

நான் மூன்றாவதை வாங்கினேன். கதை கேட்கிற இடத்தில் இன்னொருத்தி நுழைந்து பேசினால் மாயக்காளுக்கு எரிச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று அப்போது நினைத்தேன்.

எனக்குக் கதை என்றால் பேச்சுதான். மலையும் மேகமும் காதில் ஏறாது. ஒருத்தர் கேட்க வேண்டும், இன்னொருத்தர் வெடுக்கென்று பதில் சொல்ல வேண்டும். தனியாள் வீட்டில் அது கிடைப்பதில்லை.

முதல் நாள் சாயந்திரம், மாயக்காள் கதை முடிந்து தன் ரேடியோக்களை அணைத்தாள். பெட்டியையும் அணைத்ததாகத்தான் நினைத்திருப்பாள். நான் என் ரேடியோவைத் திருகினேன்.

"அத்தை, பூண்டை உரிக்கச் சொன்னா நகத்தையும் சேத்து உரிச்சு வச்சிருக்கீக."

"உன் கொழம்புல எது கெடந்தா என்ன ஆத்தா, எல்லாம் ஒரே ருசிதான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நானும் சிரித்தேன்.

பத்து நாள் கேட்டேன். பதினோராம் நாள் சலித்துவிட்டது. அவ்வளவு பிரியமாக இருந்தார்கள். "மாத்திரை போட்டீகளா?" "போட்டேன்." "பால் குடிச்சியா?" "குடிச்சேன்." பிரியமான வீட்டில் கதை நகராது. நானும் எத்தனை நாள்தான் பொறுப்பேன்?

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. கேட்டதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். "அத்தை வேக்காட்டுல தூங்க மாட்டேங்குறாக. பின்னால ரூம்புல காத்து நல்லா வருது, அங்கன மாத்திருவமா?" என்று மாரீஸ்வரி புருஷனிடம் கேட்டாள். நான் மாயக்காளிடம், "உன்னையப் பின்னால ரூம்புக்கு மாத்தப் போறாகளாமே" என்றேன். "நாக்கு செத்துப்போச்சுடா, எம்புட்டு உப்புப் போட்டாலும் தெரிய மாட்டேங்குது" என்று மாயக்காள் மகனிடம் சொன்னாள். நான் மாரீஸ்வரியிடம், "உன் சமையல்ல உப்பே தெரியலையாமே தாயி" என்றேன். எனக்கு எப்படித் தெரியும் என்று இருவருமே கேட்கவில்லை. மற்றவள்தான் வந்து சொல்லியிருப்பாள் என்று இருவருக்கும் நிச்சயம்.

அதன் பிறகு ரேடியோவில் கதை ஓடியது, ஏட்டம்மா.

"புள்ளத்தாச்சி அடுப்புல வெந்து ஆக்கிப் போடுறேன். நீங்க ஊர் பூராம் கொறை சொல்லித் திரியிறீகளா?"

"என் வீட்டுல எனக்கே மூலையைக் காட்டுறவ நீ. பேசாத."

அந்த நாட்களில் என் காப்பி தினமும் ஆறிப்போனது.

வளைகாப்புக்கு முன்பே மாரீஸ்வரி கூடலூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். வேலையும் அங்கேயே என்பதால் வேல்பாண்டியும் தங்கிவிட்டான். மாயக்காள் அவன் போனை எடுப்பதையே நிறுத்தினாள். பிறகு ஒற்றைக் குரல்தான். "மாரி, அந்தச் செம்பை எடு" என்பாள். கொஞ்சம் கழித்து, "அவதான் இல்லையே" என்பாள். கேள்வியும் அவளே, பதிலும் அவளே. அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ரேடியோவில், "கருப்பட்டிப் பணியாரம் திங்கணும்போல இருக்கு" என்றாள். மறுநாள் காலையிலேயே சூடாகச் சுட்டு எடுத்துப்போனேன். கெட்ட எண்ணம் உள்ளவள் செய்கிற காரியமா இது?

"என்னக்கா இது?"

"பணியாரம்டி. கருப்பட்டி போட்டது."

மாயக்காள் தட்டைத் தடவிப் பார்த்தாள். தின்னவில்லை.

"முந்தாநாளு மாட்டுக் கொட்டத்து ரேடியோவை அணைக்க மறந்துட்டேன்க்கா. நான் இருமுனா மாடு இருமுது. நான் பேசுனா மாடு பேசுது. பயந்தே போனேன். அப்பறந்தான் இந்தப் பெட்டி தூங்கலைன்னு புரிஞ்சுச்சு. வேற யாரு கேக்குறாகன்னு எனக்குத் தெரியணும்ல? எனக்கு இனிப்பே ஆகாதுக்கா."

என் முன்னாலேயே மகனுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் வேல்பாண்டி பேசியது எனக்கும் கேட்டது.

"எம்மா, இப்பவாச்சும் கூப்பிட்டியே. பேரன் பொறந்து பதினோரு நாளாச்சு. உனக்கு மனசு எறங்கலைன்னுல்ல நெனச்சோம். பெரியம்மா சொல்லலையா?"

புகாரில் வேல்பாண்டி எழுதியது உண்மைதான். பிள்ளை பிறந்த அன்றே எனக்குப் போன் செய்தான். "அம்மாகிட்டச் சொல்லிருங்க பெரியம்மா, வர்றேன்னு சொன்னா ஜீப்பை எடுத்துட்டு ஓடியாறேன்" என்றான். "சொல்லிர்றேன்யா" என்றேன். சொல்லவில்லை. சொன்னால் மாயக்காள் சிரித்துவிடுவாள், கூடலூருக்குப் போய்விடுவாள், கதை முடிந்துவிடும். அந்தப் பதினோரு நாளும் அவள் பிறக்காத பேரனிடம் பேசிக்கொண்டிருந்தாள், பிறந்துவிட்டான் என்று தெரியாமல். நான் ஒரு நாள் விடாமல் கேட்டேன். எல்லாம் நான் செய்ததுதான். எழுதிக்கொள்ளுங்கள்.

மாரீஸ்வரி பிள்ளையோடு வந்துவிட்டாள். என்னைக் கண்டால் மூவரும் கதவைச் சாத்துகிறார்கள். மாயக்காள் அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆசாத் சொன்ன இரண்டாவதை வாங்கிக்கொண்டாள். இப்போது என் ரேடியோவில் அவள் கேட்கும் கதை மட்டும்தான் வருகிறது. சாயந்திரம் ஆறு மணிக்கு அந்தப் பெண் குரல் "பவர் ஆஃப்" என்கிறது. பிறகு வெறும் இரைச்சல்.

நான் தினமும், "சரி தாயி, போய்ச் சாப்பிடு" என்று அந்தப் பெட்டிப் பெண்ணுக்குப் பதில் சொல்கிறேன். மறுநாள் ஆறு மணிக்குச் சரியாகத் திரும்ப வருகிறாள். என்மேல் கோபம் இருந்தால் வருவாளா, ஏட்டம்மா?