ஸ்டானி, புடிடா!

இப்போதே போர்வையை இழுத்துக்கொண்டு நெருக்கியடிக்க வேண்டாம். இது நடுராத்திரிக் கதை இல்லை. பட்டப்பகல்... பன்னிரண்டரை மணி. இரண்டாயிரத்து மூன்று, மே மாதத்து ஞாயிறு. எண்ணூர் விரைவுச்சாலையில் ஒரு கன்டெய்னர் லாரிகூட இல்லை. இதோ உங்களோடு உட்கார்ந்திருக்கிற நம் ஹில்டாவின் பெரியப்பா அருள்பிரகாசம் தன்னந்தனியாகத் திருவொற்றியூர் பட்டறைக்கு வண்டியை விட்டார்.

அவர் விமான மெக்கானிக். ஜெட் எல்லாம் இல்லை, பிள்ளைகள் ஓட்டப் பழகும் இரண்டு சீட்டு விமானம். அதன் இன்ஜினைக் கழற்றி முற்றத்து ஸ்டாண்டில் ஏற்றியிருந்தார். ஓடவிட்டால் இருபதே நிமிடம்... ஆயில் சூடு சிவப்புக் கோட்டைத் தாண்டுகிறது. ஆயிலை மாற்றினார். கூலரைக் கழுவினார். வால்வைப் புதிதாகப் போட்டார். பதினோரு நாள் ஆகியும் சூடு காட்டும் கேஜின் முள் அதே சிவப்பில். மனிதருக்கு அழுகையே வந்துவிட்டது.

காலையில் முதலாளி வேதமாணிக்கம் போனில் கத்தியிருந்தார். "இன்ஜின் நல்லாத்தான் கீது. கேஜுதான் கலீஜு. வேற போட்டுட்டேன்னு எய்தி சைனப் போடு. நாளைக்கு இன்ஜின மாட்டி, ஓட்டக் கத்துக்கிற அந்தப் பொண்ணு டெபோரா பறக்கணும். முடியாதுன்னா வூட்லயே குந்திக்கினு இரு."

கேஜ் பழுது என்றால் தொல்லை தீர்ந்தது. இன்ஜின் பழுது என்றால் அந்தப் பெண் நடுவானில்... அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தார்.

அதற்கு ஒரு சின்னச் சோதனை உண்டு. கேஜ் அறைக்குள் இருக்கும். சூட்டை அளக்கும் அதன் பித்தளை முனை, சுவருக்கு அந்தப் பக்கம் முற்றத்து இன்ஜினில். ஒருவர் முள்ளைப் பார்க்க, மற்றவர் முனையை உள்ளங்கையில் பொத்திப் பிடிப்பார். முள் உடம்புச் சூடான முப்பத்தேழுக்கு வந்து நிற்க வேண்டும். இருபது வருடமாக அப்படிப் பிடித்த கை, கூட வேலை பார்த்த ஸ்டானிஸ்லாஸுடையது. போன மாதம்தான் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான்.

முனையைக் கழற்றித் தொங்கவிட்டு உள்ளே வந்தார். முள் முப்பத்தொன்பதில். வெயில் அப்படி. எரிச்சலும் பழக்கதோஷமும் சேர்ந்து வாயில் வந்துவிட்டது.

"ஸ்டானி, புடிடா!"

முள் அசைந்தது.

முப்பத்தேழு... அங்கே நிற்கவில்லை. முப்பது. இருபது. பத்து. வெளியே ஒரு காகம்கூடக் கத்தவில்லை. காற்றில் கருவாட்டு வாடை போய், மெல்ல... ரோஜா மாலையும் சாம்பிராணியும். முள் நான்கில் நின்றது.

அந்த நான்கு அவருக்குத் தெரியும். ராயபுரம் வீட்டில் ஸ்டானியைக் கிடத்தியிருந்த ஃப்ரீசர் பெட்டியில், ராத்திரி முழுக்க அவர் பார்த்துக்கொண்டிருந்த சிவப்பு எண்.

முற்றத்துக்கு ஓடினார். யாரும் இல்லை. முனை மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"கேஜுக்குத்தான் கிறுக்கு... கேஜுதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பேனாவைத் திறந்தார். நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனாலும் தொழில் பழக்கம் விடவில்லை. முற்றத்தில் ஸ்டவ்வைப் பற்றவைத்தார். கெட்டிலில் தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் முனையை அதற்குள் விட்டார். திரும்பி வந்து பார்த்தார்.

நூறு. மயிரிழை பிசகாமல் நூறு.

கேஜில் ஒரு பழுதும் இல்லை. அப்படியென்றால் பழுது இன்ஜினில்தான்... அந்த நான்கும் நிஜம்தான். கையெழுத்துப் போடாமலே பேனாவை மூடினார்.

அப்போதுதான், சுவருக்கு அந்தப் பக்கம், தண்ணீர் கொதிக்கும் சத்தம் சட்டென்று நின்றது.