போர்டில் பாதிக் கணக்கு

சேர்ந்து படிங்க, சேர்ந்து படிங்கன்னு எனக்கு முன்னாடி பேசினவங்க எல்லாரும் சொன்னாங்க. நானும் சேர்ந்து படிச்சவதான். அந்த லட்சணத்தை ஒரு குட்டிக் கதையா சொல்லிடறேன், கேட்டுக்குங்க.

ஹாஸ்டல்ல என் ரூம்மேட் ஜெஸிந்தா. நான் பி.எஸ்சி. கணிதம், அவ இயற்பியல். எனக்கு அவ பாடம் துணைப்பாடம், அவளுக்கு என் பாடம் துணைப்பாடம். எவ்வளவு வசதி பாருங்க... அவ கணக்கையெல்லாம் நான் போட்டுக் குடுத்துடுவேன். என் பிராக்டிகல் ரெக்கார்டை அவ எழுதிடுவா. "படிச்சா இதுங்க ரெண்டும் மாதிரி படிக்கணும்"னு வார்டனே சொல்லுவாங்க.

ஒருநாள் ஜெஸிந்தா கேட்டா, "வேதா, இந்த வரியிலேருந்து அந்த வரி எப்படிடி வந்துச்சு? கொஞ்சம் சொல்லிக்குடேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் உனக்கு எதுக்குடி? அப்படியே பார்த்து எழுது." அவ்வளவு பெரிய மனசு எனக்கு...

மூணு வருஷம் ஓடிப்போச்சு. கணிதமும் இயற்பியலும் சேர்த்துப் படிக்கிற எம்.எஸ்சி. ஒண்ணு ஒரு பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்சாங்க. ஜெஸிந்தாவுக்கு அதுதான் உயிர். எனக்கும் சேர்த்து அவதான் விண்ணப்பம் வாங்கிட்டு வந்தா. நேர்முகத் தேர்வுக்கு ஒரே பஸ்ல போனோம்.

முதல்ல அவளைக் கூப்பிட்டாங்க. "எண்ணெய்க்குள்ள ஒரு ஊசல் ஆடுது, ஆட்டம் மெதுவா அடங்குது. அதுக்குச் சமன்பாடு எழுதும்மா." கடகடன்னு எழுதிட்டா. "நல்லா இருக்கு. இப்ப தீர்வு கண்டுபிடி." சாக்பீஸோட நின்னிருக்கா... நின்னிருக்கா... கடைசியில சொல்லியிருக்கா, "சார், இதுக்கு மேல என் ஃப்ரெண்டு போடுவா." உள்ள எல்லாரும் சிரிச்சுட்டாங்களாம்.

அடுத்து நான். போர்டுல பாதிக் கணக்கு நிக்குது. எழுத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு, அவ எழுத்து. "நீ முடிம்மா"ன்னாங்க. ரெண்டே நிமிஷத்துல முடிச்சேன். எனக்கு இடம் கிடைச்சுது, அவளுக்குக் கிடைக்கலை.

கொடுமை எது தெரியுமா? அந்த முதல் வரியை என்னை எழுதச் சொல்லியிருந்தா நான் பேந்தப் பேந்த முழிச்சிருப்பேன். அதை அங்க சொன்னேனா? சொல்லலை. திரும்பி வரும்போது பஸ்ல நடந்ததையெல்லாம் அவளே சொல்லிட்டு, "உனக்கு ரெண்டும் தெரியும்டி, உனக்குக் கிடைச்சாத்தான் நியாயம்"னா. அப்பவாவது இல்லடின்னு சொன்னேனா? அதுவும் இல்லை. அவ அதோட படிப்பை விட்டுட்டா.

இதை ஏன் சொல்றேன்? இந்த ஹால்ல பாதிப் பேரு கணிதம், பாதிப் பேரு இயற்பியல். நீங்களும் இதைத்தான் பண்றீங்க, எனக்குத் தெரியாதா? பங்கு போட்டுக்கிறது வேற, சேர்ந்து படிக்கிறது வேற. தோழிக்குக் கணக்கைப் போட்டுக் குடுக்காதீங்க, போடச் சொல்லிக்குடுங்க. அவ உங்க ரெக்கார்டை எழுத வந்தா பிடுங்கி வச்சுக்கிட்டு நீங்களே எழுதுங்க. முப்பத்தொரு வருஷமாச்சு... இதை ஜெஸிந்தாகிட்ட சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரலை, அதான் உங்ககிட்ட சொல்றேன்.