ஐம்பத்தைந்து கிலோ

வாழைப்பழம் உடம்பில் ஏறும், கொய்யாப்பழம் ஏறாது. பதினோரு வருடமாக எங்கள் கல்லூரிக் கபடிப் பையன்களுக்கு இதைத்தான் சொல்லிவருகிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. கேட்டவன் எவனும் கெட்டுப்போனதில்லை.

சங்ககிரிப் பக்கத்தில் எங்களுடையது சின்னக் கல்லூரி. இந்த எழுபத்தொன்பதாம் வருடம் ஐம்பத்தைந்து கிலோ பிரிவில் ஆட எனக்குத் தேறியவர்கள் சரியாக ஏழு பேர். எட்டாவது ஒருவன் இருந்தான். கை முறிந்து ஊருக்குப் போய்விட்டான். ஒருவன் எடை கூடினாலும் அணியையே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கோப்பை வராவிட்டால் அடுத்த வருடம் கபடி கிடையாது என்று தாளாளர் சொல்லியிருந்தார். கபடி இல்லையென்றால் பயிற்சியாளனும் இல்லை.

காளியண்ணன்தான் எங்களில் எதிரணிக் கட்டத்துக்குள் நன்றாகப் பாடிப்போகிறவன். போட்டிக்கு முதல்நாள் காலையில் தராசில் நிறுத்தினேன். ஐம்பத்தேழரை. பொங்கலுக்கு ஊருக்குப் போன இடத்தில் அவன் அம்மா சென்னியம்மாள் ஆசையாக ஆக்கிப் போட்டிருக்கிறாள். அவளை நான் குறை சொல்லவில்லை.

இரண்டரைக் கிலோவை ஒரே நாளில் வியர்வையில்தான் இறக்க முடியும். தெரிந்தவர் ஒருவரின் சேகோ மில் அன்று விடுமுறை. ஜவ்வரிசி வறுக்கும் கொட்டகையில் அடுப்புகளை நானே மூட்டினேன். இரண்டு கம்பளியைப் போர்த்தி, நின்ற இடத்திலேயே ஓடச் சொன்னேன்.

பதினோரு மணிக்கு வெளியே வந்தான்.

"மாஸ்டர், கண்ணக் கட்டுதுங்க. ஒரு வாய் தண்ணி குடுங்க."

"குடிச்சா அத்தனையும் திரும்ப ஏறிக்கும் சாமி. இன்னும் ஒரு கிலோதான். போ."

நான் எந்தப் பையனையும் அடித்ததில்லை. அன்றும் தோளைத் தட்டித்தான் அனுப்பினேன். போகும்போது தண்ணீர்த் தொட்டியைத் திரும்பிப் பார்த்தான். அதனால் கதவை வெளியே தாழிட்டேன்.

கொஞ்ச நேரம் தட்டினான். நான் இந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து, போட்டிக்குக் கொடுக்க வேண்டிய பட்டியலைத் திருத்தமாக எழுதிக்கொண்டிருந்தேன். அவன் பெயர்தான் முதலில். ஒரு மணிக்குத் தட்டுவது நின்றது. அடம் விட்டு ஓட ஆரம்பித்துவிட்டான் என்று நினைத்தேன். காலடிச் சத்தம் கேட்டதா என்கிறீர்கள். கேட்கவில்லை. இரண்டு மணிக்குத்தான் திறந்தேன்.

டாக்டருக்கு ஆள் அனுப்புமுன் மில் தராசில் அவனைக் கிடத்திப் பார்த்தது உண்மைதான். ஐம்பத்து நாலே முக்கால். அப்போது மூச்சு இருந்ததா என்றால், லேசாக இருந்தது.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் சென்னியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க மாஸ்டர், எம் பையன் கடைசியா எதாச்சும் கேட்டானுங்களா?"

"ஒண்ணுங் கேக்கலீங்கம்மா."

தண்ணீர் கேட்டான் என்று சொல்லியிருந்தால் அவள் என்ன ஆவாள்? அவனைக் கொன்றது நான்தான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. பெற்றவள் மனசு நோகும்படி நான் ஒரு வார்த்தை பேசவில்லை.