சேவியர் கிடக்கும் இடம் யார் பக்கம்

சங்கு ஊதுகிறது. ஓடுகிறோம். நாலாவது மாடியிலிருந்து நிலவறைக்கு. மின்சாரம் இல்லை. சுவரைத் தடவித் தடவி இறங்குகிறோம். எனக்கு முன்னால் சேவியர். அவன் காலில் ஒரு சிலிப்பர்தான் இருக்கிறது.

மெல்லிய விசில் போல ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு தரை தூக்கிப் போட்டது. வெடிச் சத்தம் அதற்கப்புறம்தான் காதுக்கு வந்தது. தலையில் சுண்ணாம்பு கொட்டுகிறது. யாரோ இருமுகிறார்கள். எங்கோ கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கிறது. அதுவும் நின்றது. அமைதி.

சேவியர் எழுந்தான். "முடிஞ்சிருச்சு. சோறு அடுப்புல இருக்குடா. அணைச்சிட்டு வந்துர்றேன்."

நானும் எழுந்தேன்.

விடுதியைப் பெருக்கும் அம்மா மூலையிலிருந்து தன் மொழியில் கத்தினார். "உட்காருங்க! இன்னும் ஒண்ணு வரும்! உட்காருங்க!" கத்திக்கொண்டே என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். சேவியர் அவர் கைக்கு எட்டவில்லை. படியில் அவன் ஒற்றைச் சிலிப்பர் சத்தம் கேட்கிறது. டப். டப். டப்.

இரண்டாவது வந்தது.

நாங்கள் இருவரும் அந்த நாட்டில் மருத்துவம் படித்தோம். நாட்டின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் படிப்பவர் உடனே ஒரு பக்கம் சேர்ந்துகொள்கிறார். அப்புறம் சேவியர் அவர் கண்ணில் படுவதில்லை.

எங்கள் ஊர் குருண் என்ற சிறு பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் கல்லுமலை. மலைக்கு வெடி வைத்துக் கல் எடுப்பார்கள். மதியம் சங்கு ஊதும். வெளியில் நிற்பவர்கள் கூரைக்கடியில் வந்துவிடுவார்கள். அம்மாக்கள் உலையை அப்படியே விட்டுவிட்டு வாசலில் நிற்பார்கள். தொம் என்று ஒரு சத்தம். தகரம் அதிரும். நாய்கள் குரைக்கும். அவ்வளவுதான். எல்லோரும் உள்ளே போய்ச் சோறு வடிப்பார்கள். ஒரு சங்கு, ஒரு வெடி. வெடித்துவிட்டால் ஆபத்து போய்விட்டது. நடக்கப் பழகிய நாளிலிருந்து எங்களுக்குத் தெரிந்தது இதுதான். பாடமாகப் படித்தது அல்ல. முழங்காலுக்குள் இருந்தது. சங்கு கேட்டால் ஒதுங்கும். வெடி கேட்டால் எழும்.

அந்த நகரத்தில் குண்டு விழுந்த முதல் நாள் அது. பெருக்கும் அம்மா ஏற்கெனவே வேறொரு ஊரில் அடிபட்டு வந்தவர். அவருக்குத் தெரிந்திருந்தது. காப்பாற்ற ஓடிவருகிறவர்களுக்காகவே இரண்டாவதை அனுப்புவார்கள் என்று பிறகு சொன்னார்.

படிக்கட்டு இருந்த பாதிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. எங்களை மறுபக்கத்துக் காற்றுத் துவாரம் வழியாக இழுத்து எடுத்தார்கள். வெளியே வந்ததும் தோண்டினோம். கையால். பிறகு ஒரு கதவுப் பலகையால். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை. மறுநாள் ராணுவம் பஸ்களோடு வந்தது. "ஏறு! பாலத்தை உடைக்கப் போறோம்! ஏறு!" என்று ஒரு சிப்பாய் என் முதுகில் அடித்து ஏற்றினான். பஸ் ஆற்றைத் தாண்டியது. பின்னால் பாலம் போனது. அவர்களே தகர்த்தார்கள். அந்தக் கரை எதிராளிக்குப் போயிற்று.

சேவியர் அந்தக் கரையில். அவன் மேல் நாலு மாடி.

ரோசம்மா ஆன்ட்டி சேவியரின் அம்மா. தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். தோட்டம் கைமாறியதும், லயத்திலேயே இருந்துகொண்டு குருணில் ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலைக்குப் போகிறார். கணவர் முன்பே இறந்துவிட்டார். என் வீட்டில் நான்தான் முதலில் படித்தவன். அவர் வீட்டில் சேவியர்தான்.

எனக்கு அந்த நாட்டு மொழி தெரியும். அதனால் நான் ஊர் திரும்பிய பிறகு, அந்த நாட்டுத் தலைவர் பேசும் நாளெல்லாம் ஆன்ட்டியிடமிருந்து எனக்குப் போன் வரும். "தம்பி, அந்தக் கண்ணாடிக்காரன் பேசுறான்பா. கேட்டுச் சொல்லேன்."

முதல் வருடம் தலைவர் மேசையைத் தட்டிச் சொன்னார். இழந்த ஒவ்வோர் அடி மண்ணையும் மீட்போம், அதற்குக் குறைந்த எதுவும் வெற்றி அல்ல. நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். ஒவ்வொரு அடியுமா என்று ஆன்ட்டி கேட்டார். ஆமாம் என்றேன். விடுதியும் அதில் வரும்தானே என்று கேட்டார். வரும் என்றேன்.

பங்குச் சாமியார் அந்த வாரம்தான் பிள்ளைக்கு இறந்தோர் பூசை வைக்கலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டார் ஆன்ட்டி. மண்ணை மீட்பார்கள். தோண்டுவார்கள். பிள்ளை பெட்டியில் வருவான். அப்பா பக்கத்தில் படுப்பான். அப்புறம்தான் பூசை. இதில் அவர் உறுதியாக இருந்தார். அதற்குப் பிறகு அந்தத் தலைவரின் வெற்றி அவருடைய வெற்றி ஆகிவிட்டது. திட்டவும் செய்வார். "பேசுறான், பேசுறான். ஒரு ஆத்தைத் தாண்டத் துப்பில்ல. நம்ம தோட்டத்துல வேலை வாங்குன மண்டோரே பரவால்ல, சொன்னா அன்னைக்கே செய்வான்."

இரண்டாம் வருடம் தலைவர் சொன்னார். எதிரி நினைத்தது நடக்கவில்லை, அதுவே வெற்றி. அதற்கடுத்த வருடம் சொன்னார். எதிரியைப் பெரிய விலை கொடுக்க வைத்தோம், அதுவே வெற்றி. கண்ணாடி அதேதான். மேசை அதேதான். ஒவ்வோர் அடி என்ற சொல்லை மட்டும் காணவில்லை. ஆற்றைப் பற்றியும் பேச்சில்லை. நான் காது கொடுத்துத் தேடினேன். கிடைக்கவில்லை.

"முன்ன அடி அடின்னு சொல்வானே. இன்னைக்குச் சொன்னானா?" என்று ஆன்ட்டி கேட்டார்.

சொல்லவில்லை என்றேன். மறந்திருப்பான் என்று வைத்துவிட்டார்.

எதிர்ப்பக்கத் தலைவரின் பேச்சையும் கேட்டேன். அந்த மொழியும் ஓரளவு புரியும். ஆரம்பத்தில் தலைநகரில் தன் கொடி ஏறுவதுதான் வெற்றி என்றார். கொடி ஏறவில்லை. பிறகு, ஆற்றின் இந்தக் கரைதான் முதலிலிருந்தே எங்கள் இலக்கு என்றார். பழைய பேச்சை யாரும் அவரிடம் திருப்பிக் கேட்கவில்லை. அம்பு எங்கே குத்தி நிற்கிறதோ அங்கே போய் வட்டம் வரைந்தார்கள். இருவருமே.

போர் நின்ற நாள். குருண் பெரிய சாலையோரம் ஒரு தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. முதலாளியை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். டிவியில் இரண்டு தலைவர்களும் மாறி மாறி வருகிறார்கள். பக்கத்து மேசையில் ஷிப்ட் முடிந்து வந்த அண்ணன் ஒருவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, டிராவில் முடிந்துவிட்டது லா என்றார்.

நானா திரும்பிப் பார்க்காமல் சொன்னார். "டிராவுக்கு எவனாச்சும் பட்டாசு போடுவானா? பாருங்க, ரெண்டு ஊர்லயும் போடுறான்."

கடையே சிரித்தது. டிவியில் வாணம் வெடித்தது. என் உடம்பு பாதி மேசைக்கடியில் போய்விட்டது. யாரும் பார்க்கவில்லை.

ரோசம்மா ஆன்ட்டி வேலை உடுப்போடு நேராகக் கடைக்கு வந்தார். உட்காரவில்லை. டிவியைக் கை காட்டினார். "இவன் என்ன சொல்றான்?"

"ஜெயிச்சிட்டோம்னு சொல்றாரு ஆன்ட்டி."

"அவன்?"

"அவரும்தான்."

"சேவியர் கிடக்கிற இடம் யாரு பக்கம்?"

"அந்தப் பக்கம்."

"அப்ப அந்தப் பக்கத்தான் தோண்டட்டும்."

எழுதினேன். இரண்டு தலைநகரங்களுக்கும். ஒரு பக்கத்திலிருந்து பதில் வந்தது. அந்த இடம் தற்போது எங்கள் நிர்வாகத்தில் இல்லை. மறுபக்கத்திலிருந்து பதில் இல்லை. ஆனால் ஒரு வீடியோ வந்தது. எனக்கு வந்தது அல்ல. உலகத்துக்கே வந்தது. வெற்றிச் சதுக்கத்தின் திறப்பு விழா. டிராம் தண்டவாளம் வளையும் இடம் தெரிந்தது. மூலை மருந்துக் கடை தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் எங்கள் விடுதி இருக்க வேண்டும். சமதளம். நடுவில் கொடிக்கம்பம். பள்ளிப் பிள்ளைகள் பலூனோடு ஓடுகிறார்கள்.

லயத்து வாசலில் வைத்து ஆன்ட்டிக்கு அதைக் காட்டினேன். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். கொடியைப் பார்க்கவில்லை. தரையைத்தான் பார்த்தார்.

"கருங்கல்லா போட்டிருக்கான்?"

"ஆமா ஆன்ட்டி."

"தோண்டாமலேவா?"

போனைத் திருப்பிக் கொடுத்தார். "ஜெயிச்சவன் எதுக்குத் தோண்டப் போறான்" என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்க உள்ளே போனார்.

நவம்பரில் கல்லறைத் திருநாள். ஆன்ட்டி போகும் கோயிலின் கல்லறைத் தோட்டத்து நடுவில் பெரிய சிலுவை ஒன்று நிற்கிறது. வேறெங்கோ அடக்கமானவர்களுக்கு, கல்லறையே இல்லாதவர்களுக்கு, அதன் அடியில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். ஆன்ட்டி ஒவ்வொரு வருடமும் கணவர் கல்லறையைக் கழுவுவார், பூ வைப்பார், சிலுவைப் பக்கம் திரும்பாமல் வீட்டுக்குப் போவார். இந்த வருடம் சிலுவையடிக்குப் போனார். நான் கூட நின்றேன். மலைக் காற்றில் திரி அணைந்தது. கையால் மறைத்துக்கொண்டு மறுபடி ஏற்றினார். எரியும் வரை குனிந்தே இருந்தார்.

"சாமியார்ட்ட சொல்லிட்டேன். சனிக்கிழமை பூசை. வந்துரு."

கல்லுமலையில் மதியச் சங்கு இன்னும் ஊதுகிறது. வெடித்ததும் எல்லோரும் அவரவர் வேலைக்குத் திரும்புகிறார்கள். ரோசம்மா ஆன்ட்டி மட்டும் கூரைக்கடியில் நிற்கிறார். நானும் நிற்கிறேன்.

இரு தலைவர்களும் தங்கள் வெற்றிக்குக் கொடுத்த விலையை எண்ணிக்கையாக அறிவித்தார்கள். வெளிநாட்டவர் அதில் சேரவில்லை. அதனால் நான் எழுதிவைக்கிறேன்.

சேவியர். வயது இருபத்திரண்டு. உடல் கிடைக்கவில்லை.

அதே படிக்கட்டில், காயம்பட்டவரைத் தூக்க மேலே ஓடிய முதல் மாடிக் கணவனும் மனைவியும். பெயர் எனக்குத் தெரியாது.

என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்த அம்மா. பஸ்ஸில் ஏற மறுத்துவிட்டார். தகவல் இல்லை.

என் வலது காது.

முடிக்காத இரண்டு படிப்பு.

இரண்டு பேருக்கு வைத்த ஒரு உலைச் சோறு.