வார்டருக்குப் போட்ட பூட்டு

யாக்கோபு: தொறடா ஐயனார்! கைதியைப் போடுற செல்லுல வார்டரைப் போட்டுப் பூட்டிக்கீறீங்களே, வெக்கமா இல்ல?

ஐயனார்: கத்தாத மச்சான். உனக்கு கொரோனா பாசிட்டிவ். இன்னிக்கு எந்த ஆஸ்பத்திரிலயும் பெட்டு இல்ல. இந்த ஜெயில்ல வேற எங்க உன்னைத் தனியா வெக்கிறது?

யாக்கோபு: வடக்குப்பட்டுல எனக்கு வூடு கீதுடா.

ஐயனார்: நீ வூட்டுக்கா போவ? நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுவ. காலையில கேட்டாண்ட வரைக்கும் ஓடினதாலதான் ஆபீசர் பூட்டச் சொன்னாரு.

யாக்கோபு: ஓடுவேன்! நேத்துதான் அருள்மேரியைச் சேத்தாங்க. மூச்சு வுட முடியலயாம். கட்டினவன் போய்ப் பாக்கக் கூடாதா?

ஐயனார்: தங்கச்சிக்கு ஒண்ணும் இல்ல... கஞ்சி குடிச்சுதாம்.

யாக்கோபு: அப்ப என் போனைக் குடு. நானே பேசிக்கிறேன்.

ஐயனார்: சார்ஜ் இல்ல.

யாக்கோபு: உன் போனு?

ஐயனார்: அது... ஆபீஸ்ல கீது.

யாக்கோபு: நல்லா சொல்ற. எல்லாம் அவ வேலை பாத்த அந்த வல்லம் வடகால் கம்பெனிக்காரனால வந்த வினை. பஸ்ல மூட்டை மாதிரி அடைச்சுக்கினு போனான். என் பொண்டாட்டிக்கு நோயைக் குடுத்தவன் அவன்தான்! அவளுக்குச் சுரம்னு தெரிஞ்சதும் கேட்டுலயே துரத்திட்டான். ஷேர் ஆட்டோக்காரன்கூட ஏத்தல. இருமிக்கினே நடந்து வந்தாடா...

ஐயனார்: நம்ம பொழப்பு மட்டும் இன்னா? புதுசா வர்ற ஒவ்வொருத்தனையும் தடவி சோதனை போடணும், ஆனா தள்ளி நிக்கணுமாம். தள்ளி நின்னு எப்படித் தடவுறது? பாதுகாப்பு உடுப்பு கேட்டா மழைக்கோட்டைக் குடுக்கிறாங்க.

யாக்கோபு: கைதிக்கெல்லாம் மூக்குல குச்சி வுட்டுப் பாத்தாங்கல்ல? எங்களுக்கும் பாருங்க சார்னு ஆபீசராண்ட எத்தினி வாட்டி கேட்டேன்! 'நீங்கல்லாம் படுத்துட்டா லாக்கப் யாருய்யா போடுறது'ன்னு எரிஞ்சு வுழுந்தாரு. நான் மயங்கி வுழுந்தப்புறம்தானே டெஸ்ட் எடுத்தீங்க? மனுசனுங்களாடா நீங்க?

ஐயனார்: திட்டு மச்சான். நல்லா திட்டு... அந்தத் துண்டைக் கொஞ்சம் கம்பி வழியா குடு.

யாக்கோபு: துண்டா? எதுக்கு?

ஐயனார்: தொவைக்க.

யாக்கோபு: நீ? என் துண்டை? தொவைக்கப் போற?

ஐயனார்: குடேன்...

யாக்கோபு: டேய்... அந்தக் கைதி நரசிம்மன் இருந்தானே, இதே செல்லுல. அவன் அம்மா செத்த சேதியைச் சொல்றதுக்கு முன்னாடி துண்டை வாங்கினது நீயும் நானும்தானே? தனியா கிடக்கிறவன், தொங்கிடப் போறான்னு...

ஐயனார்: முதல்ல துண்டு, மச்சான்...

யாக்கோபு: சேதியைச் சொல்லுடா!

ஐயனார்: கையை நீட்டிக்கினு நிக்கிறேன், மச்சான்... குடு.

யாக்கோபு: எப்ப?

ஐயனார்: மத்தியானம்.

யாக்கோபு: கம்பெனிக்காரன் இல்லடா... நான்தான். சுரத்தோட மாத்திரையைப் போட்டுக்கினு வூட்டுக்குப் போனேன். டெஸ்ட் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லன்னு அவகிட்ட சொன்னேன். நம்பி, பக்கத்துல படுத்தாடா... இந்தா துண்டு. லுங்கியையும் உருவிக்கோ. என்னாண்ட எதையும் வுட்டு வெக்காத.