வில்வண்டியில் ஒரு கூடு

— ஏம்புள்ளே மருதா, வண்டிக்குக் குறுக்கால நின்னுக்கிட்டு என்ன பண்றே? நகரு. இன்னைக்கு மாட்டைப் பூட்டியே தீருவேன்.

— பூட்டுங்க. என்ற மேல சக்கரத்தை ஏத்திட்டு ஓட்டுங்க.

— காலங்காத்தால ஆரம்பிச்சுட்டா! மருமவனோட அண்ணன் கருப்பணன் நேர்லயே வந்துட்டான். கெணத்தடியில கை கால் கழுவிக்கிட்டிருக்கறான். அவன் முன்னால என்ற மானத்தை வாங்கறதுன்னு முடிவே பண்ணிட்டயா?

— மெதுவாப் பேசுங்க. கூட்டுல குருவி இருக்குது, மெரண்டுக்கும்.

— குருவி, குருவி, குருவி! இந்த ஊட்டுல மனுசனுக்கு ஒருத்தரும் மெரளறதில்லை. எல்லா மருவாதியும் குருவிக்குத்தான்.

— ஏனுங்க, செத்த ஒரு எடத்துல உக்காருங்க. கட்டுத்தறிக்கும் வாசலுக்கும் எத்தனை நடைதான் நடப்பீங்க? பார்க்கற எனக்கே கிறுகிறுங்குது.

— உக்காந்தா ஆச்சா? தை நோம்பிக்குக் கோவிச்சுக்கிட்டு வந்தா கமலாத்தா. மாசியே முடியப்போகுது. "நானே கொண்டாந்து உடறேன்"னு நாலு பேரு முன்னால சொன்னது நானு. சென்னியப்பன் சொன்னாச் சொன்னதுதான்னு இருந்த ஊரு, இப்பொ என்னையப் பார்த்துச் சிரிக்குது.

— சிரிக்கட்டும். வந்த அன்னைக்கு அவ சீலையை நகத்தி முதுகைக் காட்டுனா. மாடு முடுக்கற தார்க்குச்சியில, ஆணி வெச்ச நுனியில குத்தியிருக்கறான் அவ புருசன். எதுக்கு? கம்மங்கூழு ஆறிப்போச்சாமா. நீங்க மாட்டைக்கூட அப்படிக் குத்தி நான் பார்த்ததில்லீங்க. ஒருக்காலாவது அவ முதுகைப் பார்த்தீங்களா?

— வளந்த பொண்ணு முதுகை அப்பன்காரன் எப்படிப் புள்ளே பார்ப்பான்?

— பார்த்திருந்தா வண்டிகிண்டின்னு பேசமாட்டீங்க.

— வாயை மூடு, வர்றான். வாங்க மாப்ளே, வாங்க. கட்டல்ல உக்காருங்க. மருதா, மோரு கொண்டா.

— இருக்கட்டுங்க மாமா. நான் உக்காரவும் வரலை, மோரு குடிக்கவும் வரலை. மொறைன்னு ஒண்ணு இருக்குதுங்க. என்ற தம்பி கோவக்காரன்தான், இல்லைங்கலை. அதுக்காகக் கட்டுன பொண்டாட்டி மாசக்கணக்குல ஆத்தா ஊட்டுல குந்திக்கிட்டிருக்கறது என்ன மொறைங்க?

— அதைத்தான் மாப்ளே நானும் தெனம் கத்தறேன்! கேளுங்க, உங்க அத்தைகிட்டயே கேளுங்க.

— என்னங்க அத்தெ, உங்க வில்வண்டியில குருவி கூடு கட்டியிருக்குதாமா? ஆனைமலைச் சந்தை வரைக்கும் சிரிப்பாச் சிரிக்கறாங்க. கருப்பணன் தம்பி பொண்டாட்டிக்குக் குருவி உத்தரவு குடுக்கலையாமான்னு கேக்கறான் ஒருத்தன்.

— ஆமாங்க மாப்ளே. தேன்சிட்டு. உங்க கட்டவெரலு ஒசரந்தான் இருக்கும். அதோ, வண்டிக் கூரையில மூங்கி வில்லு நுனியில தொங்குது பாருங்க.

— இதுவா? ஏதோ குப்பை சிக்கிக்கிட்டுத் தொங்குதுன்னுல்ல நெனச்சேன்! சருகும் பட்டையும் புழுப் புழுக்கையும் சிலந்தி நூலும்...

— அப்படித்தானுங்க அது கட்டும். குப்பைன்னு நெனச்சுக்கிட்டு யாரும் தொடமாட்டாங்களே. பக்கவாட்டுல பாருங்க, வாசலாட்டம் ஒரு ஓட்டை. அதுக்கு மேல எறவாரம் எறக்கியிருக்குது. எத்தனை மழை பேஞ்சாலும் உள்ள சொட்டு எறங்காதுங்க.

— மேல என்ன, பனையோலைத் தடுக்கு?

— உச்சிக்கு மேல வெயிலு நேரா அடிக்குதுங்க, தாங்காது. அதுக்குத்தான் தடுக்கை நான் கட்டுனேன். செரட்டையில தண்ணி வெச்சிருக்கறேன். வேலியில எலவம்பஞ்சு சொருகி உட்டிருக்கறேன், அது கொத்திக்கிட்டுப் போயி உள்ள மெத்தை போட்டுக்கும். பூனையை அக்கட்டால தோட்டத்துக்காரங்ககிட்டக் குடுத்துட்டேன்.

— பூனையை நாடு கடத்திட்டாங்க மாப்ளே. என்ற நெல்லை இப்பொ எலி அளக்குது.

— சிரிக்கற காரியமில்லைங்க மாமா. பொள்ளாச்சிக்கு ரயிலே வந்துருச்சு. ஊரு உலகம் எங்கியோ போகுது. நீங்க என்னடான்னா ஒரு சிட்டுக்காக வண்டியை நிறுத்தி வெச்சிருக்கறீங்க.

— அப்பொ ஒண்ணு பண்ணட்டுங்களா? பக்கத்துத் தோட்டத்துல எரவல் வண்டி கேட்டு வாங்கிட்டு...

— எரவல் வண்டியிலயா? கோவிச்சுக்கிட்டு வந்த பொண்ணை அப்பன் தன்ற சொந்த வண்டியில கூட்டியாந்து வாசல்ல எறக்கி உடறதுதானுங்க மொறை. எரவல் வண்டியில வந்து எறங்குனா எங்க ஊட்டுக்கல்ல இசைகேடு!

— செரி, உங்க வண்டியை அனுப்பி வெய்யுங்க. ஏத்தி உட்டுடறேன்.

— நல்லா இருக்குதுங்களே! நாங்க வண்டி அனுப்புனா தப்பு எங்க மேலன்னு ஆயிராதுங்களா?

— பின்னெ யாரு மேலைங்க தப்பு? என்ற புள்ளை மேலயா?

— மருதா! ஆம்பளைங்க பேசற எடத்துல நீ பேசாத.

— பேசட்டுங்க மாமா. நானும் சொல்லிட்டுப் போயிடறேன். மாரியாத்தா நோம்பி சாட்டறதுக்குள்ள கமலாத்தா வந்து சேரோணும். இல்லைன்னா ஊர்க்கவுண்டரைக் கூட்டியாந்து, நாலு பெரியவங்களை உக்கார வெச்சு, கூட்டம் போட்டுத்தான் கூட்டிக்கிட்டுப் போவோம். அப்பொ உங்க பேச்சு, உங்க மொகம், எதுவும் எங்களுக்குத் தெரியாதுங்க.

— இழுத்துக்கிட்டுப் போவீங்களா? கயித்துல கட்டியா?

— அத்தெ, நான் சொல்றது மொறை.

— ஏனுங்க, கேட்டுக்கிட்டே நிக்கறீங்களே! உங்க பொண்ணுதானுங்களே அவ?

— நான் என்ன புள்ளே பண்றது? வார்த்தை குடுத்தவன் கை கட்டித்தான் நிக்கோணும். எல்லாம் நீ இழுத்து உட்ட வெனை.

— அது கெடக்கட்டுங்க மாமா. நான் வந்ததுலயிருந்து பார்த்துக்கிட்டிருக்கறேன். ஒரு குருவியும் வரக் காணோமே?

— இத்தனை பேரு நின்னு சத்தம் போட்டா எப்படிங்க வரும்?

— எப்பொங்க கட்டுச்சு?

— கமலா வந்த மறுநா வெடியால பார்த்தா தொங்குதுங்க.

— மறுநாளேவா? ஒரே ராத்திரியில குருவி முழுசா ஊடு கட்டிக் குடி வந்துருச்சா? மாமா, நீங்களே சொல்லுங்க, இது நடக்கற காரியமா?

— என்னையக் கேட்டா? நான் என்ன கொத்தனாரா? குருவியைக் கேளுங்க.

— அன்னைக்குக் கட்டுன கூடு, இன்னும் குஞ்சு பறக்கலையாமா? உள்ள வளர்றது ஆனைக்குட்டியா?

— மொத முட்டை கெட்டுப் போச்சுங்க மாப்ளே. மறுக்கா வெச்சிருக்குது. சாமி சத்தியமா.

— எனக்கு ஒப்பலைங்க அத்தெ. கிட்டப் போயி வெரலை உட்டுப் பார்த்துடறேன். குஞ்சு இருந்தா இருக்கட்டும். இல்லைன்னா இன்னைக்கே வண்டி பூட்டோணும், நானும் கூடவே வர்றேன்.

— ஐயோ, வேண்டாமுங்க! வேண்டாமுங்க மாப்ளே! மனுசக் கை பட்டா அது திரும்பியே வராதுங்க!

— என்னத்துக்குங்க இப்படிப் பதறறீங்க?

— நகரு மருதா. மாப்ளே கேக்கறதும் ஞாயந்தான். வெரலு என்னத்துக்குங்க, இந்தாங்க அருவா. ஒரே அறுப்பா அறுத்துக் கீழ போடுங்க. எனக்கும் சனி உட்டுப் போகட்டும்.

— ஏனுங்க! நீங்க மனுசந்தானா?

— நீ பொட்டாட்ட இரு. அறுங்க மாப்ளே. ஆமா, கேக்கவே மறந்துட்டேன் பாருங்க. உங்க ஊட்டுல முழுகாம இருக்கறாங்கன்னு கேள்விப்பட்டேன். சொகந்தானுங்களா?

— அது... ஆமாங்க. ஏழாம் மாசம்.

— ரொம்ப சந்தோசமுங்க. ம், அறுங்க. அருவா பதமாத்தான் இருக்குது.

— மாமா...

— என்னங்க மாப்ளே?

— பொண்டாட்டி முழுகாம இருக்கறப்பொ நான் எப்படிங்க கூட்டுல அருவா வெக்கறது? நான் செரைச்சுக்கறதுகூட இல்லைங்க, பாருங்க தாடியை. இதை அறுத்துட்டு ஊட்டுக்குப் போனா என்ற ஆத்தா என்னைய வாசப்படி மிதிக்க உடமாட்டா.

— அடடா, அது எனக்கு ரோசனையே வரலைங்களே! செரி, வெரலையாவது உட்டு...

— வேண்டாமுங்க! உள்ள முட்டைகிட்டை இருந்து ஒடைஞ்சு போச்சுன்னா? நீங்களே அறுங்க மாமா. உங்களுக்கென்ன?

— எனக்கென்னவா? கமலாத்தா இன்னும் ஒரு புள்ளை பெறலை. நாளைக்கு அவ வயித்துல ஒண்ணும் தங்கலைன்னா உங்க தம்பி யாரைக் கேப்பாரு? கூட்டை அறுக்கச் சொன்னது யாருன்னு கேக்கமாட்டாரா? நான் உங்களைக் கை காட்டட்டுங்களா?

— என்னைய எதுக்குங்க இழுக்கறீங்க!

— அப்பொ நீங்களே ஒரு வழி சொல்லுங்க. நீங்க சொல்றதுதான் மொறை.

— ...பறக்கட்டுங்க. குஞ்சு பறந்து போகட்டும். அது வரைக்கும் கூட்டம் கீட்டம் வேண்டாம், தம்பிகிட்ட நான் சொல்லிக்கறேன். ஆனா பறந்த அன்னைக்கு வண்டி கெளம்பிறோணும்.

— அந்தக் கூட்டுலயிருந்து குஞ்சு பறக்கற அன்னைக்கே மாட்டைப் பூட்டி, நானே முன்னால உக்காந்து ஓட்டியாந்து உடறேன். இது சென்னியப்பன் பேச்சு.

— அது போதுமுங்க. நான் வர்றேனுங்க.

— மோரு குடிக்காம போறீங்களே! இருங்க, இட்டேரித் தடத்து முக்கு வரைக்கும் வர்றேன்.

— ஆத்தா... போயிட்டாரா?

— போயிட்டான். வெளிய வா கமலா. ஏன் அம்மிணி இன்னும் கதவைப் புடிச்சுக்கிட்டே நிக்கறே?

— அய்யன் அருவாளை எடுத்து நீட்டுனப்பொ என்ற உசுரே போயிருச்சு. கூடு கீழ உளுந்து பிரிஞ்சிருந்தா உள்ள ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சிருக்குமே.

— உள்ள ஒண்ணுமில்லைன்னு உனக்கு யாரு சொன்னா?

— அன்னைக்கே தெரியும் ஆத்தா. குருவின்னா சிலந்தி நூலுல ஒட்டும். இதைப் பனைநாருலயல்ல முடிஞ்சிருக்குது. எந்தக் குருவி முடிச்சுப் போடும்? முடிச்சு வெளிய தெரியக்கூடாதுன்னுதானே நீ தடுக்குக் கட்டுனே?

— அதுக்குத்தான் கண்ணு, கட்டுனேன்.

— எனக்காக நீ பண்ணறே, நான் எப்படி வாயைத் தொறப்பேன்? தெனமும் வெறுங்கூட்டுக்குத் தண்ணி வெக்கறே. வராத குருவி வருதுன்னு ஊரெல்லாம் சொல்றே. சாமி பேருல சத்தியம் பண்ணறே. உள்ளயிருந்து பார்த்துப் பார்த்து அழுவேன் ஆத்தா. இந்த ஊட்டுல எனக்கு நீ ஒருத்திதான்.

— கமலா, நில்லு. என்ன சொல்றே நீயி? தடுக்குத்தான் நான் கட்டுனது. கூட்டைக் கட்டுனது நீயின்னுல்ல இத்தனை நாளும் நெனச்சுக்கிட்டிருக்கறேன்!

— நானா?

— புள்ளை பயந்துக்கிட்டு, எங்கியோ கெடந்த பழைய கூட்டைக் கொண்டாந்து முடிஞ்சு வெச்சிருக்கறா, உங்கப்பனுக்குத் தெரிஞ்சா கொன்னு போடுவாருன்னு, நானும் பொய் மேல பொய்யா அடுக்கிக்கிட்டுத் திரியறேன்.

— இல்லை ஆத்தா. வந்த அன்னைக்கு என்ற கையைத் தலைக்கு மேல தூக்கவே முடியலையே. நீதானே சோறு ஊட்டி உட்டே. நான் எப்படி அத்தனை ஒசரத்துல கட்டுவேன்?

— அப்பொ யாரு?

— பேசாத. அய்யன் வர்றாரு.

— என்ன, ஆத்தாளும் மவளும் கூடிக் கூடிக் கொசுகொசுன்னு? அவன் மொகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டுப் போறான், என்ற மானமும் அவன் பொறத்தாலயே போகுது. உங்களால நான் தெருவுல தலை காட்ட முடியலை. இந்தப் பாழாப்போன காத்து வேற, நேரங்காலமில்லாம அடிச்சுத் தொலைக்குது. ஏம்புள்ளே மருதா, மரமாட்டம் நிக்காத. சாளையில எறவாரத்துல பனைநாரு மிச்சம் சொருகி வெச்சிருக்கறேன், போயி எடுத்தா. கூடு ஆடற ஆட்டத்துக்கு அது தாங்காது. அன்னைக்கு ராத்திரி இருட்டுல ஒத்தை முடிச்சுத்தான் போட்டேன்.