அறுபத்தோராம் பக்கம்

தன்வரலாற்று நூல் வாங்க வருகிறவர்கள் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டுவார்கள், ஐயா. எழுதியவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்வதற்கு என்று நினைக்கிறேன். பதினான்கு வருஷமாகச் சேலத்தில் புத்தகக் கடை வைத்திருக்கிறேன். நாவல் வாங்குகிறவர்கள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

கடை வாசலில் ஒரு கரும்பலகை இருப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். 'படிக்கத் தகுந்த புது நூல்கள்' என்று மேலே எழுதி, வாரம் ஐந்து பெயர் போடுவேன். கதைகளைச் சேர்ப்பதில்லை. பயணம், வைத்தியம், வாழ்க்கை வரலாறு, இப்படி நடந்ததைச் சொல்கிற புத்தகங்கள் மட்டும். முழுதாகப் படிக்காத ஒன்றைப் பலகையில் ஏற்றியதே கிடையாது. சூரமங்கலத்து ரயில்வே குமாஸ்தாக்களும் அஸ்தம்பட்டி வாத்தியார்களும் அதை நம்பித்தான் வருகிறார்கள்.

மருதாசலம் எழுதிய 'ஆற்றங்கரைத் தெருவில் நாற்பது வருஷம்' இந்தச் சித்திரையில் வெளிவந்தது. குமாரபாளையத்தில் அவர் வீடு எங்கள் வீட்டுக்கு மூன்றாவது. என்னைவிட ஆறு வயது மூத்த நெசவாளர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். தறிக்கு நூல் கிடைக்காத மாதங்களில் தெருவே கேழ்வரகுக் கூழில் நாளைக் கடத்தியதை அவர் எழுதியிருக்கும் விதம் நன்றாக இருக்கும். பலகையில் அதைத்தான் முதல் பெயராகப் போட்டேன். அவர்மேல் எனக்குப் பொறாமையோ பகையோ கிடையாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அறுபத்தோராம் பக்கத்தில் இருபத்துநான்காம் வருஷத்து வெள்ளம் வருகிறது. காவிரி தெருவுக்குள் புகுந்து, கூரைமேல் ஏறி நின்றவர்களை மயில்சாமி என்பவர் பரிசலில் ஏற்றிக் கரை சேர்த்த கதை. அதில் நாலு வரி: 'நீரில் விழுந்த ஒரு பெண் பரிசலின் விளிம்பைப் பிடித்தாள். உள்ளே இருந்த ஒருவர் துடுப்பால் அவள் கைகளை அடித்து விடுவித்தார். நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மனிதரின் பெயரை எழுத மாட்டேன்.'

புத்தகத்தை வாங்கிப் போனவர்கள் இந்த நாலு வரிக்காகவே திரும்பி வந்தார்கள். ரயில்வே பார்சல் ஆபீசில் இருக்கும் சின்னப்பராஜ் மூன்று முறை வந்தார். "அந்த ஆள் யாருங்க, உங்க ஊராச்சே, உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?" என்றார். தெரியாது என்றேன். "இன்னும் உயிரோட இருந்தா எப்படிங்க சோறு எறங்கும்?" என்றார். எனக்கு எப்போதும்போல இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

அந்த ஆள் நான்தான்.

அன்றைக்குச் செய்தது ஒரு கணக்கு, ஐயா. மயில்சாமியைச் சேர்த்துப் பரிசலில் ஆறு பேர். ஒரு கிழவர், அவர் மனைவி, மருதாசலம், அவர் மடியில் ஜுரத்தோடு அவருடைய தாய், நான். சுழிப்பில் விளிம்பை ஒருவர் பிடித்துத் தொங்கினால் பரிசல் கவிழும். ஆறு உயிரா ஓர் உயிரா என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? மயில்சாமி மூங்கில் கழி ஊன்றிக்கொண்டிருந்தார். காலடியில் கிடந்த துடுப்பை நான் எடுத்தேன். முதல் அடியில் இடது கை விட்டது. வலது கைக்கு மூன்று அடி தேவைப்பட்டது. வளையல் துண்டுகள் பரிசலுக்குள்ளேயே விழுந்தன. அவள் கத்தவில்லை, என் பெயரை ஒரு தடவை சொன்னாள். கட்டிய புருஷன் பெயரை அவள் வாயால் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

பெரியநாயகி. எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

ஆறு இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று ஊரில் சொன்னோம். மருதாசலமும் அப்படியே சொன்னார். அடுத்த வருஷம் நான் சேலத்துக்கு வந்து கடை போட்டேன். மறு கல்யாணம் செய்துகொண்டேன். இரண்டு பெண் குழந்தைகள். அந்தக் கணக்கு ஒரு நாளும் என்னைத் தொந்தரவு செய்ததில்லை, ஏனென்றால் அது சரியான கணக்கு.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரத்துக்காகக் கடையை அடைக்கப்போகும்போது மருதாசலம் வந்தார். பலகையில் தன் புத்தகத்தின் பெயர் இருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, மோர் கொடுத்தேன்.

"சரவணா, ரண்டாம் பதிப்புப் போடலாம்னு அச்சாபீசுல சொல்றாங்க. அதுல ஒண்ணு சேத்தோணும். உங்கிட்டக் கேக்காமச் சேத்தக் கூடாதுன்னு வந்தேன்."

"எம் பேருங்களாண்ணா?"

"பேரு எதுக்கப்பா. அது என்னோடயே சுடுகாட்டுக்கு வந்துரும். மயில்சாமி சாகறதுக்கு முந்தி ஆள் உட்டு என்னையக் கூப்பிட்டான். 'அன்னைக்கு எடமிருந்துச்சுங்க, இன்னொருத்தரத் தாராளமா ஏத்தியிருக்கலாமுங்க, நானும் பயந்துக்கிட்டு ஒரு சத்தம் போட்டதோட நிறுத்திட்டனுங்க'ன்னு அழுதான். அதைய எழுதோணும்."

"அது வேண்டாங்கண்ணா."

"எப்படியப்பா வேண்டாங்கறது? பாதிய எழுதிப் பாதிய உட்டா அது பொய்தான. அந்தப் புள்ளைக்கு இதையாச்சும் செய்யோணுமல்ல?"

அவர் என் பெயரைச் சொல்லமாட்டார் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. பயந்துபோய்க் கொன்றதாக எழுதிக்கொள்ளாதீர்கள். பெயரை எழுதினால்கூட நான் ஒப்புக்கொண்டிருப்பேன். ஆறு பேரைக் காப்பாற்றியவன் என்று ஆகியிருக்கும். இடம் இருந்தது என்று அச்சில் வந்துவிட்டால், பிறகு அதை யாராலும் திருத்த முடியாது.

மூன்று முறை வேண்டாம் என்றேன். மூன்று முறையும் அவர் பொறுமையாகத் தலையாட்டி, "எழுதியே ஆகோணும் சாமி" என்றார். கடைக் கதவின் குறுக்கே போடும் இரும்புப் பட்டை சுவரில் சாத்தியிருந்தது. பின்னந்தலையில் ஒன்று வைத்தேன். அவர் நாற்காலியிலிருந்து சரிந்து மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பழக்கம்தான் காரணமாக இருக்க வேண்டும், அடுத்த அடிகளை நான் விரல்களில்தான் போட்டேன். விரல்கள் ஒடிந்த பிறகும் அவர் விடவில்லை. மணிக்கட்டு நசுங்கித்தான் விட்டார். கீழே விழுந்தவர் மல்லாந்து என்னைப் பார்த்தார். நெற்றியிலும் வாயிலும் எத்தனை முறை அடித்தேன் என்பது நினைவில்லை. உங்கள் டாக்டர் பதினொன்று என்கிறார். அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

கட்டுப் பிரித்த சாக்கால் போர்த்திவிட்டு, முகம் கழுவி, வேறு சட்டை மாற்றிக்கொண்டேன். நாலு மணிக்குக் கடையைத் திறந்தேன். சின்னப்பராஜ் வந்து, தங்கைக்குக் கொடுக்க அதே புத்தகத்தில் இன்னொரு பிரதி கேட்டார். மேசையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். அதன் ஓரத்தில் ஈரம் இருந்ததை நான் கவனிக்கவில்லை. கால் மணி நேரத்தில் அவர் போலீஸ்காரரோடு திரும்பி வந்தார். நான் ஓடவும் இல்லை, எதையும் மறுக்கவும் இல்லை.

இடம் இருந்தது என்று மயில்சாமி சொன்னாரே, அந்த இடத்தில் என்ன இருந்தது என்று நேற்றுக் கேட்டீர்கள். இப்போது சொல்லிவிடுகிறேன். ஒரு தகரப் பெட்டி இருந்தது. தறியை விட்டுவிட்டு வியாபாரம் தொடங்கலாம் என்று மதராஸிலிருந்து தருவித்த புதுப் புத்தகங்கள். தூக்க இரண்டு ஆள் வேண்டும். கூரையிலிருந்து முதலில் பெட்டியை இறக்கினேன், பிறகு நான் இறங்கினேன். அவளை இறக்கும்போது சுவர் இடிந்தது. பெட்டியைத் தள்ளிவிட்டு அவளைத் தூக்கு என்று அன்றைக்கு மயில்சாமி கத்தத்தான் செய்தார். ஆனால் அதில் ஒரு புத்தகம்கூட நனையாமல் கரை சேர்ந்தது, ஐயா. அதை வைத்துத்தான் கடை தொடங்கினேன். இந்த ஊரில் இத்தனை பேர் படிக்கிறார்கள். பெரியநாயகி இருந்திருந்தால் இதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பாள்.